பாக்கி இல்லாத ஆள்

இருபது வருடமாகத் தலையில் கிடந்த கடனை அடைத்து முடித்த அன்று சங்கரம்மாள் ஒரு காரியம் செய்தாள். கோமதிநாயகம் அண்ணாச்சியின் தறிக்கூடத்துக்கே நேரில் போய், முன்பண நோட்டில் தன் புருஷன் இசக்கித்துரையின் பேருக்குக் கீழே அவர் சிவப்பு மையில் கோடு அடிக்கிற வரைக்கும் கூடவே நின்று பார்த்தாள். வருகிற வழியில் அம்மன் சன்னதியில் ஒரு தேங்காய் உடைத்தாள். அது போன ஆடித்தபசுத் திருவிழாவுக்கு முந்தின வாரம்.

அந்தத் தறிக்கூடத்தில் வேலைக்குச் சேருகிற எவனும் முன்பணம் வாங்கிக்கொண்டுதான் சேருவான். வாராவாரம் கூலியில் கொஞ்சம் பிடிப்பார்கள். பாக்கி சற்றே குறைகிற நேரம் பார்த்து ஒரு சடங்கோ ஆஸ்பத்திரிச் செலவோ வந்து நிற்கும், மறுபடி வாங்குவான். இசக்கித்துரை கல்யாணச் செலவுக்கு என்று வாங்கின பதினைந்தாயிரம் இப்படியே வளர்ந்து அறுபதாயிரத்தில் வந்து நின்றது.

அதைத்தான் மூன்று வருடத்தில் வழித்துத் துடைத்தாள் சங்கரம்மாள். தீபாவளிக்குச் சேலை கிடையாது. கொழுந்தன் வீட்டு விசேஷத்துக்கு அரை மொய் எழுதி, ஓரகத்தியின் முறைப்பை வாங்கிக் கட்டிக்கொண்டாள். மகள் காவியா திருநெல்வேலிக்கு நர்சிங் படிக்கப் போனபோது காதில் கிடந்த தோட்டை விற்றாளே தவிர, நோட்டில் ஒரு ரூபாய் ஏறவிடவில்லை. தறியில் ஓடுகிற நாடாவுக்கு நூலைத் தார்க்குச்சியில் சுற்றிக் கொடுக்கிற வேலையை வீட்டிலேயே எடுத்துச் செய்தாள். அதில் கூலி வந்ததோ இல்லையோ, இடுப்புவலி ஒழுங்காக வந்தது.

பக்கத்துத் தறி ஓட்டுகிற குருசாமிக்குப் பாக்கி தொண்ணூறாயிரம். மகளுக்குக் காது குத்தினபோது கிடா வெட்டித் தெருவுக்கே பிரியாணி போட்ட மனுஷன். அவனைக் காட்டித்தான் அவள் வீட்டில் பேசுவாள். "அந்த ஆளுக்கு இந்த ஜென்மத்துல மீட்சி கெடையாது. நம்ம அப்படியா இருக்கோம்?" இசக்கித்துரை சிரித்துக்கொள்வான். அவளுக்கு மனசெல்லாம் பெருமையாக இருக்கும்.

பொங்கல் கழிந்ததும் நூல் விலை ஏறியது. நெய்த சேலை விற்றுப் போகவில்லை. கூடத்து மூலையில் கட்டுக் கட்டாக அடுக்கிக் கிடந்தது. வாரத்துக்கு ஆறு நாள் வேலை நாலாயிற்று, பிறகு மூன்றாயிற்று. ஒரு திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு இசக்கித்துரை தூக்குச்சட்டியைத் திறக்காமல் அப்படியே கொண்டு வந்து வீட்டில் வைத்தான்.

"என்னங்க, கரண்டு இல்லியா?"

"கரண்டெல்லாம் இருக்கு. பதினாறு ஜோடித் தறியில எட்டு ஜோடிதான் இனி ஓடும்னுட்டாரு. எனக்குத் தறி இல்ல."

"குருசாமிக்கு?"

"அவனுக்கு இருக்கு."

சங்கரம்மாளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "அவரு நெய்யுத சேலையில வாரம் ஒரு கொறை வருது. ஒங்க சேலையில இதுவர ஒண்ணு திரும்பி வந்துருக்கா?"

"நானும் கேட்டேன். 'அவன நிறுத்துனா என் தொண்ணூறாயிரத்த யாரு தருவா? ஒனக்கு எங்கிட்ட பாக்கி ஒண்ணுமில்லியே, நீ எங்கனயும் போயிப் பொழைச்சிக்கிடலாம்லா'ங்காரு."

அவன் அதைக் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவளும் நாலு வார்த்தை திருப்பிச் சொல்லி மனசை ஆற்றியிருப்பாள். அவன் பாட்டுக்குச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு உட்கார்ந்தான். மூன்று வருடம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி அவள் அடைத்தது கடனைத்தான் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தாள். புருஷனின் வேலையையும் சேர்த்தே தீர்த்துவிட்டோம் என்பது அப்போதுதான் உறைத்தது. அவளுக்கு அழுகைகூட வரவில்லை, அவ்வளவு அலுப்பு.

அடுத்த மூன்று வாரமும் அவன் அலையாத இடமில்லை. ஊரில் மற்ற தறிக்கூடங்களில் ஏற்கெனவே வேலை கேட்டு ஆள் நின்றது. கரிவலம்வந்தநல்லூரில் சொந்தக்காரன் வரச்சொன்னான் என்று பஸ் ஏறிப் போனான், போன வேகத்தில் திரும்பினான். புளியங்குடி மார்க்கெட்டில் எலுமிச்சை மூட்டை தூக்கினான். மூன்றாம் நாள் முதுகு பிடித்துக்கொண்டு இரண்டு நாள் படுத்துவிட்டான். தறி பாதியானதால் அவளுக்கும் தார் சுற்றுகிற வேலை வரவில்லை. எவர்சில்வர் சம்படத்தில் ஏழாயிரம் இருந்தது. காவியாவின் பீஸ் பதினெட்டாயிரம் கட்டவேண்டும். இவர்கள் காலேஜில் ஒரு மாதம் தவணை கேட்டிருந்தார்கள்.

ஒரு புதன்கிழமை சங்கரம்மாள் அண்ணாச்சியைப் பார்க்கப் போனாள். அவரைக் கெட்டவர் என்று சொல்லிவிட்டால் கதை சொல்லுகிறவனுக்குச் சுலபம். அவர் சம்சாரத்தின் வளையலும் பேங்கில் அடகில்தான் இருந்தது. விற்காத சேலைகளுக்குப் பக்கத்தில் மேஜை போட்டு, கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"எங்களுக்கு ஒரு முப்பதாயிரம் முன்பணம் வேணும் அண்ணாச்சி."

"நல்ல நேரம் பாத்து வந்த போ. இருக்கவனுவளுக்குக் கூலி குடுக்கவே நான் முழி பிதுங்கிப்போயி இருக்கேன். எங்கிட்ட ஏதும்மா பணம்?"

அவளுக்கும் அது தெரியும். வழியெல்லாம் யோசித்துக்கொண்டுதான் வந்தாள். சேலைக் கட்டுகளைப் பார்த்தபடி சொன்னாள்.

"பணம் தர வேண்டாம். தந்ததா எழுதிக்கிடுங்க."

"என்னது?"

"முப்பதாயிரம் வாங்குனதா அவுக பேர்ல எழுதிக்கிடுங்க. வாரம் முன்னூறு கூலியில பிடிச்சிக்கிடுங்க. தறிய மட்டும் குடுங்க."

கண்ணாடியை இறக்கி மூக்கில் மாட்டிக்கொண்டு அவளைப் பார்த்தார். "வாங்காத பணத்துக்கா?"

"வாங்குனத அடைச்சதுக்குத்தான் வீட்டுல உக்கார வச்சிட்டீங்க. பொறவு நான் வேற என்ன செய்ய?"

உள்ளே எட்டு ஜோடித் தறியும் கடகடத்துக்கொண்டிருந்தன. இப்படி ஒரு பணத்தைப் பிடிப்பது நியாயமில்லை என்று அண்ணாச்சி முகத்திலேயே தெரிந்தது. வாரம் முன்னூறு மிச்சம் என்பதும் தெரிந்தது. கடைசியில் நோட்டை இழுத்தார்.

"முப்பது வேண்டாம். இருவது எழுதுதேன். வாரம் இருநூறு. சனிக்கெழமைக்குள்ள இன்னொரு ஜோடியில பாவு நூல் ஏத்தச் சொல்லுதேன். அவன வந்து கையெழுத்துப் போடச் சொல்லு."

"நானே போடுதேன் அண்ணாச்சி."

அதே பக்கத்தைத்தான் திருப்பினார். சிவப்புக் கோட்டுக்குக் கீழே இடம் இருந்தது. 'ரொக்கம் பெற்றுக்கொண்டேன்' என்று எழுதி அவள் பக்கம் நகர்த்தினார். சங்கரம்மாள் ஒரு எழுத்து விடாமல் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். திரும்புகையில் சன்னதி வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே போகாமல் மறுபடி மாட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

விஷயத்தைக் கேட்டதும் இசக்கித்துரை, "பணம் எங்கன?" என்றான்.

"பணம் இல்ல. பாக்கி மட்டுந்தான்."

அவன் கணக்குப் போடுவது தெரிந்தது. நூறு வாரம். கோபப்படுவான் என்று பார்த்தாள். முதுகைத் தடவிக்கொண்டே சுவரில் சாய்ந்தான்.

"கூடத்துப் பயலுவ கேட்டா என்ன சொல்ல?"

"காவியா பீசுக்கு வாங்குனோம்னு சொல்லுங்க."

திங்கட்கிழமை வேலைக்குப் போனவன் சாயங்காலம் கையைக் காலைக் கழுவிவிட்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். தலையில் பஞ்சு ஒட்டியிருந்தது. அதைப் பார்க்க அவளுக்கு நிம்மதியாக இருந்தது.

"குருசாமிக்கு ஒரே சந்தோசம்," என்றான். "'ஏலே, நீயும் வாங்கிட்டியா, இனி ஒன்ன யாரும் அசைக்க முடியாது'ன்னு கட்டிப் பிடிச்சிக்கிட்டான். முன்பணம் வாங்குனவன் டீ வாங்கிக் குடுக்கணும்லா, விட மாட்டேன்னுட்டானுவ. ஒம்பது டீ. நூத்தியெட்டு ரூவா, கடையில கடன் சொல்லி வச்சிட்டு வந்துருக்கேன்."

ஒரு ரூபாய்க்கு ஒரு நாள் முழுக்கச் சண்டை போடுகிறவள் அவள். திட்டு விழும் என்று இசக்கித்துரை தலையைக் குனிந்துகொண்டான்.

"வட கேக்கலியா?" என்றாள்.

"கேட்டானுவ. நாளைக்குப் பாப்போம்னேன்."

சங்கரம்மாள் எழுந்து போய்ச் சம்படத்தைத் திறந்தாள். ஆணியில் கிடந்த அவன் சட்டைப் பையில் இருநூறு ரூபாயை மடித்து வைத்தாள்.

"நாளைக்கு வடையும் வாங்கிக் குடுத்துருங்க. கை நெறையப் பணம் வாங்குன வீடு, கஞ்சத்தனம் பண்ணுனா சந்தேகப்படுவாங்க."