காம்பைப் பிடித்தவள்

2024 அக்டோபர் 20, ஞாயிறு. பூக்களை நெருங்கிப் படமெடுக்கப் பழகுவோரின் வகுப்பு பொன்முடி மலையில் முடிவடையும் நாள். சிறந்த படத்தை எடுப்பவருக்குக் கழக்கூட்டத்து ஸ்டூடியோ ஒன்றில் வேலை. ஹோட்டலில் பாத்திரம் கழுவும் சுஜா அந்த வேலையை நம்பித்தான் வந்திருந்தாள்.

மழை விட்டுவைத்தது ஒரே ஒரு காசித்தும்பைப் பூவை. அதுவும் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

“காம்பைக் கொஞ்சம் பிடிச்சுக்கோ. அப்புறம் உனக்கு நான் பிடிக்கறேன்” என்றான் உடன் படித்த ஸ்ரீநிவாஸ்.

அட்டை கடித்தும் அசையாமல் கால் மணி நேரம் பிடித்திருந்தாள். படமெடுத்து முடித்ததும் அவன் பூவைக் கிள்ளிக் கசக்கி எறிந்தான்.

“அய்யோ, நான் இன்னும் எடுக்கல்லியே!”

“ஒரே பூவை ரெண்டு பேர் காட்டினா எப்படி? ஆனா நன்னாப் பிடிச்சே, கேட்டோ.”

மாலையில் வேலை ஸ்ரீநிவாஸுக்குக் கிடைத்தது. சுஜா படம் எதுவும் கொடுக்கவில்லை.