திருக்கைத் தொட்டியில் ஒரு தடுப்பு

வாலில் இருக்கும் முள்ளுக்கு முதலில் ஒரு குழாய்த் துண்டை மாட்டி, அதன்மேல் துணியைச் சுற்றிய பிறகுதான் ஸுஹைப் அந்தப் பெண் திருக்கையைத் தொட்டான். கறுத்த உடம்பில் வெள்ளை வெள்ளையாகப் பொட்டு வைத்த மீன், தோசைக்கல்லைவிட அகலம். கண்ணாடித் தொட்டியிலிருந்து பிளாஸ்டிக் டப்புக்குள் அதை நழுவவிட்டு, ஓரத்தைத் தூக்கிப் பார்த்தான். போன வாரம் கீறலாக இருந்தது இப்போது கிழிசலாகிவிட்டது. பிறை பிறையாகப் பல் பதிந்த தடம். ஒரு தடத்தைச் சுற்றிப் பஞ்சு ஒட்டினாற்போலப் பூசணம்.

"ஒரு கை கல்லுப்பு அள்ளிப் போட்டா நாளைக்கே ஆறிரும்" என்று அடுப்படி வாசலிலிருந்து குரல் வந்தது. மாமி. மருமகனிடம் அவர் நேராகப் பேசுவதில்லை. மகளைப் பார்த்துச் சொல்வார். மருமகன் காதில் விழும். "கடல்ல கெடக்குறதக் கொண்டாந்து நல்ல தண்ணியில போட்டா புண்ணு வராம என்ன செய்யும்? கேளு ருகையா."

"இது கடல் மீனு இல்ல உம்மா, ஆத்துத் திருக்கை" என்றாள் ருகையா.

"எந்த ஆத்துல? தாமிரபரணியிலயா?"

"தென் அமெரிக்காவுலயாம்."

"அங்கன உள்ளதுக்கு இங்கன என்ன சோலி?"

அது யாருக்காகச் சொன்னது என்று ஸுஹைபுக்குப் புரியாமல் இல்லை. வீடு ருகையாவுடையது. காயல்பட்டினத்தில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை அதில் வந்து இருப்பவன். துபாயிலிருந்து லீவில் வந்த நாட்களில் அவன் தட்டில் இனிப்பு வட்டலப்பம் விழுந்த வேகமே தனி. கம்பெனி ஆளைக் குறைத்து, பெட்டியோடு ஊர் வந்து சேர்ந்த பிறகும் சாப்பாட்டில் குறை வைக்கவில்லை. "இன்னைக்கும் வீட்லதானா?" என்று அவன் மகள் மின்ஹாவைவிட்டு ஒரு கேள்வி மட்டும் கூட வந்தது.

திருக்கை ஜோடியை அவன் வாங்கியது அதற்குப் பிறகுதான். இந்த இனம் முட்டையிடாது, குட்டி போடும். ஒரு ஈற்று பிழைத்துவிட்டால் சென்னையில் கேட்டு வாங்க ஆள் இருந்தது. இன்னொரு பக்கம் ருகையாவின் அண்ணன் யஹ்யா அபுதாபியில் விசாவைக் கையில் வைத்துக்கொண்டு, வாரம் ஒருமுறை போன் போட்டுக்கொண்டிருந்தான். கடைசியில் ருகையாதான் உம்மாவிடம் பேசி முடிவு வாங்கினாள். குட்டிகள் பிழைத்தால் இவர் ஊரிலேயே இருந்து தொழில் பார்ப்பார். பிழைக்காவிட்டால் யஹ்யா சொன்ன இடத்துக்குப் போவார். மறுபேச்சு கிடையாது.

காயத்தைப் போட்டோ எடுத்துக்கொண்டு மறுநாளே தூத்துக்குடிக்கு பஸ் ஏறினான். ரெண்டாம் கேட் பக்கம் ஜெப்ஸி வளர்ப்பு மீன் கடை வைத்திருந்தாள். மீன்களுக்கு வரும் நோயைப் பற்றியே படித்த பெண். போனை வாங்கிப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தவள் உதட்டைப் பிதுக்கினாள்.

"வேற ஒண்ணுமில்லண்ணே, ஆண் கடிச்சது. அது கடிச்சுப் புடிச்சுக்கிட்டுத்தான் சேரும். புடிக்க அதுக்குக் கையா இருக்கு?"

கடையில் இன்னும் ரெண்டு பேர் நின்றார்கள். ஸுஹைப் தலையைக் குனிந்துகொண்டான்.

"நீங்க ஏண்ணே வெக்கப்படுதிய? கடிச்சது நீங்களா?" அவள் சிரித்துவிட்டு, அடுத்த படத்தில் முதுகின் இரு புறமும் மேடிட்டிருப்பதைக் காட்டினாள். "பாத்தியளா, குட்டி தங்கிருச்சு. தங்கின பெறவும் அந்தப் பய விட மாட்டான், தொரத்திக்கிட்டேதான் இருப்பான். மொதல்ல பிரிச்சு வைங்க. மருந்தெல்லாம் அதுக்குப் பெறவு. பிரிக்காம மருந்து போட்டா, ஆறுத எடத்துலயே திரும்பக் கடிப்பான். பெண்ணு பயத்துலயே குட்டிய உதுத்துரும்."

அவள் சொன்னதையெல்லாம் அவன் வரிசை மாறாமல் செய்தான். தொட்டியின் நடுவில், கூரைவிளக்குக்கு அடியில் போடும், கட்டம் கட்டமாகத் துளை உள்ள வெள்ளை பிளாஸ்டிக் பலகையை நிறுத்தி ரெண்டாகத் தடுத்தான். டேங்கர் தண்ணீரைப் பீப்பாயில் பிடித்து, குளோரின் வாடை போகும்வரை வைத்திருந்து மாற்றினான். காயத்தை மட்டும் தண்ணீருக்கு வெளியே தூக்கி, நீர்த்த அயோடினைத் தொட்டுத் தடவினான். மூச்சுத் துளைப் பக்கம் ஒரு சொட்டும் போகவிடவில்லை. இறாலின் வயிற்றைக் கீறி மருந்துப் பொடியைத் திணித்து ஊட்டினான். உப்பை அந்தப் பக்கமே அண்டவிடவில்லை.

எல்லாம் செய்தவன் ஒன்றை மட்டும் செய்யவில்லை. அந்தக் காயம் எப்படி வந்தது என்று வீட்டில் சொல்லவில்லை. மாமி, மாமியின் தங்கைகள், வருகிற போகிற பெண்கள் நடமாடும் வீட்டில், மருமகன் வாயைத் திறந்து எதைச் சொல்வது? ருகையாவிடம் மட்டும் அறைக்குள் வைத்துச் சொன்னான். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "ச்சீ, உம்மாட்ட சொல்லித் தொலச்சிராதீங்கோ" என்றாள். ஆகவே மாமி காதுக்கு வேறு கதை போனது: ஆண் மீன் பெரிய தின்னிமாடு, பொம்பள மீனுக்கு இரை விடாமல் மோதிமோதி வந்த புண், அதனால்தான் தடுப்பு.

"நல்ல ஆம்பள" என்றார் மாமி.

புண் ஆறத் தொடங்கியது. பூசணம் உதிர்ந்து, கிழிந்த ஓரத்தில் ரோஸ் நிறத்தில் புதுச் சதை எட்டிப்பார்த்தது. மேடு நாளுக்கு நாள் கூடியது. பெண் திருக்கை அவன் கையைக் கண்டதும் கண்ணாடியோரம் ஏறி வந்து இறால் கேட்டது. ருகையா ஒருநாள், "இங்கன கடை போட்டா என்ன பேரு வைக்கலாம்?" என்று கேட்டாள். அவளுக்குள்ளும் ஆசை விழுந்துவிட்டது என்று அவன் சந்தோஷப்பட்டான்.

மாமியின் தங்கை மகளுக்கு நிக்காஹ் பேசி முடித்த அன்று வீடு நிறையப் பெண்கள் வருவதாக இருந்தது. ஆண்பிள்ளைக்கு அங்கே வேலை இல்லை. ஸுஹைப் மருந்து வாங்க ஜெப்ஸி கடைக்குப் போய்விட்டான். புதுச் சதையின் படத்தைப் பார்த்து அவள், "ஆஸ்பத்திரியே வச்சிரலாம்ணே நீங்க" என்றாள். திரும்பும் வழியெல்லாம், பழையகாயல் உப்பளங்களைத் தாண்டும்போதுகூட, அந்தச் சொல் காதில் இனித்துக்கொண்டே வந்தது.

வீட்டுக்குள் நுழைந்ததும் தொட்டியைத்தான் பார்த்தான். நடுவில் தடுப்பு இல்லை. பெண் திருக்கை மூலையில் கண்ணாடியோடு கண்ணாடியாக ஒட்டிக்கொண்டு செங்குத்தாக நின்றது. ஆறின ஓரம் மறுபடி கந்தல். ஆண் அடியில் கிடந்து, மெதுவாக, அவசரமே இல்லாமல் அதன் பக்கம் ஊர்ந்தது.

கையைவிட்டுத் தடுப்பை அவன் திரும்ப நிறுத்தும்போது மாமி முதல்தடவையாக அவனைப் பார்த்தே பேசினார்.

"நான்தான் எடுத்தேன், மாப்புள. வந்தவங்கல்லாம் கேட்டாங்க, ஏன் இதுகளப் பிரிச்சு வச்சிருக்குன்னு. எனக்கு மனசே கேக்கல. அந்த ஆம்பளைக்கு வயிறு நெறைய எறாலப் போட்டுட்டுத்தான் எடுத்தேன். இனிமே சண்டை போடாதுல்லா? ஜோடியப் பிரிச்சு வைக்கிறது பாவம் மாப்புள."

அவர் பொய் சொல்லவில்லை. முகத்தில் நிஜமான இரக்கம் இருந்தது. ஸுஹைப் தடுப்பை அழுத்திச் சரிபார்த்துவிட்டு எழுந்தான்.

அறைக்குள் ருகையா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.

"நீ எங்க இருந்த?"

"அங்கனதான் நின்னேன்."

"தெரிஞ்சும் பாத்துக்கிட்டா நின்ன?"

"அத்தன பொம்பளையளுக்கு முன்னால என்னத்தச் சொல்லச் சொல்லுதீங்கோ? கல்யாண வீட்டுப் பேச்சு நடக்குது, அதுல போயி, இது அதுக்குக் கடிச்சதுன்னா? ஒம் மாப்புள வீட்ல இருந்து இதத்தான் பாத்துக்கிட்டிருக்காரான்னு சிரிப்பாளுவோ."

"சிரிச்சா சிரிச்சிட்டுப் போறாளுவோ."

"ஒங்களுக்கென்ன. நீங்க பஸ் ஏறிப் போயிருவீங்கோ. இங்கன உக்காந்து கேக்கப்போறவ நானுல்லா."

சிரிப்புக்குப் பயந்து முதலில் வாயை மூடியவன் அவன்தானே.

காலையில் மாமியின் கூவல்தான் அவனை எழுப்பியது. "குட்டி போட்டிருக்கு! மாஷா அல்லாஹ், ருகையா, ஓடி வா! சேத்து வச்ச ராசியப் பாரு!" மின்ஹா தூக்கக் கலக்கத்தோடு கண்ணாடியில் மூக்கை அழுத்தி, "வாப்பா, குட்டி தூங்குது" என்றாள்.

காசு வட்டத்தைவிடக் கொஞ்சம் பெரிய குட்டிகள். பொட்டுகூட இன்னும் சரியாக விழவில்லை. வயிற்றடியில் மஞ்சள் கருவின் பை அப்படியே தொங்கியது. தண்ணீர் அசையும்போது மட்டும் அசைந்தன. ஸுஹைப் ஒவ்வொன்றாக அள்ளி ஈரத் துணியில் வைத்தான். மாமியின் கூவல் பாதியில் நின்றது.

"என்ன மாப்புள, செத்தா பொறந்திருக்கு?"

"பொறக்கல மாமி. உதுந்திருச்சு."

"உப்புத் தண்ணியில வச்சிருந்தா..." என்று தொடங்கிய மாமி, ருகையாவின் முகத்தைப் பார்த்துவிட்டு அடுப்படிக்குள் போனார்.

பெண் திருக்கைக்கு அவன் மறுபடி முள்ளைக் கட்டி, ஓரத்தைத் தூக்கி, அயோடின் தடவினான். கை துடைத்துவிட்டு வந்தபோது ருகையா போனை நீட்டினாள். மறுமுனையில் யஹ்யா காத்திருந்தான்.

ரெண்டு மீனையும் ஜெப்ஸியிடம் கொண்டுபோய் விட்டான். அவள் கேலி எதுவும் பேசவில்லை. தனித்தனித் தொட்டியில் விட்டு, "பெண்ணு பொழைச்சிரும்ணே" என்று மட்டும் சொன்னாள்.

புறப்படும் நாளில் மாமி விடியும் முன்னே எழுந்து வட்டலப்பம் செய்திருந்தார். வாசலில் கார் நின்றது. ருகையா அழுதுகொண்டிருந்தாள். மாமி அவள் முதுகைத் தடவி, "ஆம்பளைன்னா போயி வரணும் கண்ணு. ரெண்டு வருசம் கண்ண மூடித் தொறக்குறதுக்குள்ள ஓடிரும். ஸபூர் செய்யி, பொறுத்துக்க" என்றார்.

"பாவம் இல்லையா மாமி?" என்று ஸுஹைப் கேட்டான்.

"எது மாப்புள?"

"ஒண்ணுமில்ல."

கை கழுவக் கொல்லைப் பக்கம் போனபோது அந்த வெள்ளைத் தடுப்பு கண்ணில் பட்டது. நாலு செங்கலின்மேல் படுக்கப் போட்டு, துணி விரித்து, அதில் மாமி வடகம் பிழிந்து காய வைத்திருந்தார்.