துரையின் சார்ட்

மனைவி போன பிறகு பூட்டுக்காரருக்கு அவள் நினைவாக மிஞ்சியது அவள் வளர்த்த நாய் துரை மட்டும்தான். பெயருக்குத்தான் துரை, உடம்பெல்லாம் சொறி. வயிற்றில் முடி கொட்டி, பாதங்களை நக்கி நக்கிப் புண்ணாக்கி வைத்திருந்தது. அரிப்புக்குக் கொடுத்த மாத்திரை ஈரலைப் பதம் பார்த்துவிட்டது.

"இனி மாத்திரை தாங்காது சார்," என்றார் நாய் டாக்டர். "சாப்பாட்டை வச்சுத்தான் சரி பண்ணணும். எட்டு வாரம் முயல் கறியும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் மட்டும். வேற ஒரு துணுக்கு உள்ள போகக் கூடாது. குடுக்கறதை எல்லாம் எழுதி வைங்க."

எழுத அட்டை வீட்டிலேயே கிடந்தது. மனைவி முப்பது வருஷம் வார்டு நர்ஸ். கொடுத்ததை எழுதாமல் நகராத ஜென்மம். புருஷனுக்குக் காய்ச்சல் என்றாலும் சார்ட் போட்டு, மணி போட்டு, ஓரத்தில் சுருக்கொப்பம் வைப்பாள். ஏழு மாதத்துக்கு முன்னால் அவள் பெயரே ஒரு சார்ட்டில் ஏறி, அதோடு முடிந்தது.

மூன்று வாரத்தில் துரைக்கு முடி துளிர்த்தது. பூட்டுக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. நான்காம் வாரம் ஒரு மத்தியானம் கடையிலிருந்து வந்தால், துரை ரத்தம் வரச் சொறிந்துகொண்டிருக்கிறது. சார்ட்டில் அவர் எழுதாத ஒரு வரி: 'அரை முட்டை. காலை 11.10.' ஓரத்தில் அந்தச் சுருக்கொப்பம்.

அவள் போட்டதேதான். இருந்தவரை துரைக்கு அவள் தினமும் கொடுத்துவந்ததும் அரை முட்டைதான்.

ஊரார் பூட்டையெல்லாம் திறந்தவர் தன் ஃபிரிட்ஜுக்கே பூட்டுப் போட்டார். உள்ளே முட்டை குறைந்தது. முட்டை வாங்குவதையே நிறுத்தினார். அப்படியும் வரி விழுந்தது. துரையின் வாயில் அவித்த முட்டை வாசம். ஒருநாள் கடைக்குப் போகாமல் காத்திருந்தார். பதினொன்று பத்துக்குத் துரை எழுந்து சமையலறைக்குப் போனது. வெறும் இடத்தைப் பார்த்து வாலை ஆட்டியது. கழுத்தை உயர்த்தி எதையோ வாங்கி விழுங்கியது. அவர் திரும்பிப் பார்த்தபோது சார்ட்டில் மை ஈரமாக இருந்தது.

பயந்தார். ஆனால், சொல்ல வெட்கம்தான், உள்ளுக்குள் சந்தோஷப்பட்டார். அவள் போகவில்லையே.

"வேணாம்டி, அவனுக்கு ஒத்துக்கல," என்றார் சமையலறையைப் பார்த்து. உயிரோடு இருந்தபோதே அவர் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாதவள். மறுநாளும் முட்டைதான்.

துரையைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடினார். டாக்டர் சார்ட்டைப் புரட்டினார்.

"முட்டை யாரு குடுக்கறா?"

"என் சம்சாரம்."

"அவங்ககிட்ட நல்லா சொல்லுங்க சார். இப்படியே போனா நாய் பிழைக்காது."

"நான் சொன்னா கேக்க மாட்டா டாக்டர். நீங்களே அதுல எழுதிக் குடுத்துடுங்க."

டாக்டர் சிரித்துக்கொண்டே சிவப்பு மையில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்: 'முட்டை நிறுத்தவும்.'

மறுநாள் அதன் கீழே ஒரு வரி இருந்தது. 'நிறுத்தப்பட்டது. 11.10.' டாக்டர் எழுத்துக்கு அவள் என்றைக்குமே மறுபேச்சுப் பேசியதில்லை.

எட்டாம் வாரம் துரை பளபளவென்று இருந்தது. கடைசி நாள் சார்ட்டில் இப்படி இருந்தது: 'புண் ஆறியது. அரிப்பு இல்லை. கணவரிடம் ஒப்படைக்கிறேன்.' அதற்குக் கீழே, 'பெற்றுக்கொண்டவர்' என்று எழுதி ஒரு கோடு. கோட்டின் மேல் ஒன்றுமில்லை.

டியூட்டி மாறும்போது இதுதான் வழக்கம் என்று அவருக்குத் தெரியும். அடுத்து வருபவர் கையெழுத்துப் போடும்வரை அவள் வார்டை விட்டு அசைய மாட்டாள். ஒருமுறை மாற்று ஆள் வராமல் இரண்டு ஷிஃப்ட் சேர்ந்தாற்போல் நின்று, கால் வீங்கி வந்தாள்.

அப்படியென்றால், கையெழுத்துப் போடாவிட்டால் அவள் போக மாட்டாள். பேனாவைப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். மூன்று நாள் நிம்மதியாகச் சாப்பிட்டார்.

நான்காம் நாள் காலை, சமையலறைத் தரையில் மெல்ல ஒரு சத்தம் கேட்டது. சற்று நேரம் கழித்து மறுபடியும். வலிக்கிற காலை மாற்றி மாற்றி ஊன்றுகிற சத்தம். துரை அந்த இடத்தில் குனிந்து எதையோ நக்கிக்கொடுத்துக்கொண்டிருந்தது.

பூட்டுக்காரருக்குத் தாங்கவில்லை. பெட்டியைத் திறந்து பேனாவை எடுத்தார். கோட்டின் மேல் கையெழுத்துப் போட்டார். மணியும் போட்டார்.

"நீ போய் உக்காருடி," என்றார். "இவனை நான் பாத்துக்கறேன்."