தூக்காத கை

சபையில் தண்ணீர் ரொப்புவது காயில்காரரின் பொறுப்பு. பிரசங்க மேடையின் பலகைகளை எடுத்தால் கீழே ஞானஸ்நானத்துக்கான சிமெண்ட் தொட்டி. மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருந்ததால் பம்ப், குழாய், ஹீட்டர் மூன்றையும் அவரிடமே விட்டிருந்தார்கள். ஞானஸ்நானம் பெறுகிறவர்கள் குளிரில் நடுங்கக் கூடாது என்பதில் கறாராக இருப்பார். அவர் அந்தத் தொட்டிக்குள் இறங்கியதெல்லாம் கழுவுவதற்குத்தான்.

“ஊருக்கே தண்ணி காய வைக்கிறீங்க. நீங்க எப்பண்ணே?” என்பார் சபைச் செயலாளர்.

“ஷாக் அடிக்குதான்னு பாத்துட்டு இறங்குறேன்.”

அவர் மனைவிக்குப் பள்ளியில் கணக்குப் பாடம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு முன்னால் சபையின் பின்னறையில் பிள்ளைகளுக்கு வேதபாடம். பள்ளியில் டீச்சர், சபையில் டீச்சர். வீட்டில் கணவர் கூப்பிடுவதும் டீச்சர் என்றுதான்.

டீச்சர் பாப்டிஸ்ட் குடும்பத்தில் பிறந்தவர். ஞானஸ்நானம் எடுக்காத ஒருவரைக் கட்டிக்கொண்டபோது சபையில் சிலர் முகம் சுளித்தார்கள். டீச்சர் யாருக்கும் விளக்கம் சொல்லவில்லை. ஞாயிறுதோறும் கணவரின் சட்டையை இஸ்திரி போட்டு நாற்காலியில் மாட்டிவைப்பார். அவர் போட்டுக்கொண்டு வந்து கடைசி பெஞ்சில் உட்காருவார். அவ்வளவுதான் நடந்தது, இத்தனை வருடமும்.

சனிக்கிழமைகளில் வகுத்தல் வராத பிள்ளைகள் டீச்சரின் சமையலறைத் தரையில் உட்கார்ந்திருப்பார்கள். டீச்சர் ஒரு கையால் அடுப்பைப் பார்த்துக்கொண்டு மறு கையால் சாக்பீஸ் பிடிப்பார். தப்பாகப் போட்டவனைத் திட்டியதில்லை. “எங்க வழி மாறினே, காட்டு” என்பார். அவனே காட்டும்வரை நிற்பார். சாதம் அடிபிடித்தாலும் நிற்பார்.

ஒரே மகள். பிறந்தபோது உருண்டையாக இருந்ததால் அப்பா பட்டாணி என்று கூப்பிட்டார். இப்போது பத்தாம் வகுப்பு, அப்பாவைவிட உயரம். பெயர் மட்டும் மாறவில்லை.

அந்தச் சபையில் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கிடையாது. விவரம் தெரிந்த பிறகு, தானாகக் கேட்க வேண்டும். கேட்டவர் சபைக் கூட்டத்தில் எழுந்து, தனக்கு விசுவாசம் வந்த கதையைச் சாட்சியாகச் சொல்ல வேண்டும். பிறகு வெளியே போய் நிற்க வேண்டும். உள்ளே உறுப்பினர்கள் கை தூக்குவார்கள். ஒரு கை குறைந்தாலும் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போகும். அப்படித் தள்ளிப்போனதாக யாருக்கும் நினைவில்லை.

பட்டாணி கேட்டபோது டீச்சர் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார்.

“மா, நான் ஞானஸ்நானம் எடுத்துக்கறேன்.”

டீச்சர் பேனாவை மூடினார். மகள் பிறந்த நாளிலிருந்து அந்த ஒரு வார்த்தைக்காக ஜெபித்தவர். ஒருநாளும் அவளிடம் கேட்டதில்லை.

“யாராவது ஏதாச்சும் சொன்னாங்களா?”

“எல்லாரும்தான் கேக்கறாங்க. டீச்சர் பொண்ணு இன்னும் எடுக்கலியான்னு.”

“உனக்கு எப்படி இருக்கு?”

“எடுக்கணும்னுதான் இருக்கு. போதுமாம்மா?”

டீச்சர் அவளைக் கட்டிக்கொண்டார். அந்த வாரமே வெள்ளைத் துணி எடுத்து அங்கி தைத்தார். தையல் மெஷின் பெல்ட் அறுந்தது. காயில்காரர் மாட்டிக்கொடுத்தார்.

“கொஞ்சம் இறக்கம் விட்டுத் தை டீச்சர். கூட்டம் நடக்கறதுக்குள்ள இன்னும் வளந்துருவா.”

கூட்டத்தில் பட்டாணி எழுந்து நின்றாள். குரல் தெளிவாக இருந்தது.

“சின்ன வயசுல அம்மாகிட்ட ஒரு பொய் சொன்னேன். ஜாடியை நான் உடைக்கலன்னு. சொல்லிட்டு அன்னைக்கு நல்லா தூங்கினேன். பொய் சொன்னது எனக்குப் பயமா இல்ல. நல்லா தூங்கினதுதான் பயமா இருந்துச்சு. அப்பதான் எனக்கு மன்னிப்பு வேணும்னு தெரிஞ்சுது.”

பாடகர் குழுவை நடத்தும் பெரியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். பாஸ்டர் தலையசைத்தார். பட்டாணி வெளியே போனாள். கதவு சாத்தப்பட்டது.

கைகள் எழுந்தன. செயலாளர் பார்த்துக்கொண்டே வந்து, டீச்சரிடம் நின்றார்.

“டீச்சர், கையைத் தூக்குங்க.”

டீச்சரின் கை மடியில் இருந்தது.

“அவ சொன்ன சாட்சி என்னோடது” என்றார் டீச்சர். “நான் என் அம்மாகிட்ட சொன்ன பொய். நான் உடைச்சது கண்ணாடி. அவ ஜாடின்னு மாத்தியிருக்கா. மத்தது எல்லாம் வார்த்தைக்கு வார்த்தை வகுப்புல நான் சொல்றது.”

“சின்னப் பொண்ணு டீச்சர். பதட்டத்துல...” என்றார் பாஸ்டர்.

“தப்பு என்னோடதுதான் பாஸ்டர். சாட்சி எப்படிச் சொல்றதுன்னு வருஷா வருஷம் மாதிரி விடை எழுதிப் போட்டது நான். அதுக்காக அவளை என் கதையோட தண்ணிக்குள்ள அனுப்ப முடியாது.”

கடைசி பெஞ்சில் காயில்காரர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். உறுப்பினர் இல்லாததால் அவருக்கு ஓட்டு இல்லை.

வெளியே போய் மகளிடம் சொன்னதும் டீச்சர்தான். வேறு யாரையும் அனுப்பவில்லை.

வீடுவரை பட்டாணி முன்னால் நடந்தாள். வாசலில் திரும்பினாள்.

“காப்பி அடிச்சா மார்க் கிடையாது, அதானே? நான் உங்களுக்கு ஸ்டூடன்ட்டா, பொண்ணா?”

“பொண்ணு” என்றார் டீச்சர். “ஸ்டூடன்ட்டா இருந்தா பாஸ் போட்டு அனுப்பியிருப்பேன்.”

கதவு அறைந்து சாத்தப்பட்டது.

“பெத்த பொண்ணையே கவுத்துட்டியேடி” என்று பெரியம்மா வீட்டுக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார். டீச்சர் அவருக்கு டீ போட்டுக் கொடுத்தார். பட்டாணி தன் சீருடையைத் தானே இஸ்திரி போட்டுக்கொண்டாள். அம்மா அருகில் வந்தால் எழுந்து போனாள். டீச்சர் எப்போதும்போலப் பள்ளிக்குப் போனார், திருத்தினார், சமைத்தார். அடுத்த ஞாயிறு பின்னறையில் பிள்ளைகள் கண்ணாடி உடைந்த கதையைக் கேட்டபோது, “அது முடிஞ்சு போச்சு. இனிமே சொல்ல மாட்டேன்” என்றார். அங்கி மடித்தபடி அலமாரியில் இருந்தது.

ஒருநாள் காயில்காரர் தன் தட்டைக் கழுவியபடியே, “தூக்கியிருக்கலாம்” என்றார்.

“ஆமா.”

“வருத்தமா இருக்கா?”

“ரொம்ப” என்றார் டீச்சர். பிறகு கணக்கு நோட்டுகளின் பக்கம் திரும்பிக்கொண்டார். முதுகு குலுங்கியது. காயில்காரர் ஈரக் கையோடு கொஞ்ச நேரம் பக்கத்தில் நின்றார்.

வேறு சிலருக்கு ஞானஸ்நான நாள் வந்தது. காயில்காரர் தொட்டி கழுவப் போனார். பட்டாணி பிளாஸ்கில் டீ எடுத்துக்கொண்டு பின்னால் வந்தாள். சும்மா நிற்கப் பிடிக்காமல் பிரஷை வாங்கிக்கொண்டு உள்ளே இறங்கினாள். பாசி பிடித்த மூலையைத் தேய்த்தாள்.

“நீங்க ஏம்ப்பா எடுத்துக்கல?”

“விசுவாசம் இன்னும் வரல.”

“அம்மா கேக்க மாட்டாங்களா?”

“ஒரு தடவைகூட கேட்டதில்ல.”

“கேட்டிருந்தா?”

காயில்காரர் குழாயை மூடினார். “உங்கம்மா கேட்டு நான் எதை மறுத்திருக்கேன்? அன்னைக்கே இறங்கியிருப்பேன். அது அவளுக்கு நல்லா தெரியும். அதான் கேக்கல.”

பட்டாணி தேய்ப்பதை நிறுத்தினாள்.

“அந்த மூலையை விட்டுட்ட பாரு” என்றார் அப்பா.

அடுத்த கூட்டத்துக்கு முன்னால் பட்டாணி பாஸ்டரிடம் தானே போய்ப் பெயர் கொடுத்தாள். டீச்சருக்கு அது கூட்டத்தில்தான் தெரிந்தது.

எழுந்து நின்றாள். இந்தத் தடவை குரல் சரியாக வரவில்லை.

“அம்மா அன்னைக்குக் கை தூக்கல. எனக்கு அவங்களைப் பிடிக்கவே இல்ல. இனிமே ஜெபமே கிடையாதுன்னு இருந்தேன்.” நிறுத்தினாள். “ஆனா அம்மாவைப் பத்தி யார்கிட்டயாவது புகார் சொல்லணும்போல இருந்துச்சு. ஸ்கூல்ல சொல்ல முடியாது, அங்க எல்லாருக்கும் அவங்களைப் பிடிக்கும். அப்பாகிட்டயும் சொல்ல முடியாது, அதே கட்சி.”

யாரோ சிரித்தார்கள்.

“அதனால கடவுள்கிட்ட சொன்னேன். நிறைய சொன்னேன். கெட்ட வார்த்தைகூட சொன்னேன். அப்புறம்தான் கவனிச்சேன், நான் பேசறதை ஒருத்தர் கேட்டுட்டிருக்காருன்னு நம்பித்தான் பேசிட்டிருக்கேன்னு. அதுக்கு முன்னாடி ஜெபம் பண்ணும்போதெல்லாம் அப்படித் தோணினதே இல்ல. அதுக்கு மேல எனக்குச் சொல்லத் தெரியல. கோபம் இன்னும் முழுசா போகல.”

வெளியே போனாள். கதவைச் சாத்த மறந்துவிட்டாள். செயலாளர் போய்ச் சாத்தினார்.

“ஏத்துக்கறவங்க கையைத் தூக்கலாம்” என்றார் பாஸ்டர்.

அவர் சொல்லி முடிப்பதற்குள் டீச்சரின் கை மேலே போயிருந்தது. விரல்களில் சிவப்பு மை. பிறகு பெரியம்மாவின் கை, பிறகு எல்லாக் கைகளும்.

செயலாளர் பெஞ்சு பெஞ்சாகப் பார்த்துக்கொண்டு வந்தார். கடைசி பெஞ்சில் நின்றார்.

“அண்ணே, உங்க ஓட்டு செல்லாது.”

“தெரியும்” என்றார் காயில்காரர். “எண்ணாதீங்க.” கையை இறக்கவில்லை.

டீச்சர் திரும்பிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை.