வாத்துகள் இறங்கிப் போன போர்வை

குழித்துறைக்கு மேற்கே, ரப்பர் தோட்டத்தை ஒட்டிய வீட்டில், சஜிதாவின் கைக்குழந்தைக்குத் தைத்த போர்வையிலிருந்து ஆறு வாத்துகள் இறங்கி வெளியே நடந்தது ஆகஸ்டு மாதம் முதல் செவ்வாய்க்கிழமை, காலை பத்தரை மணிக்கு. அன்று மழை இல்லை, கரண்டு இருந்தது. வாசல்படியில் ஒவ்வொன்றாகக் குதித்து, கிணற்றைச் சுற்றி, மரச்சீனிக் கிழங்குத் தோட்டத்து வரப்பு வழியாகப் போயின. சாயங்காலம் நாலு மணிக்குத் திரும்பி வந்து துணியில் அதனதன் இடத்தில் ஏறிக்கொண்டன. கால்களில் செம்மண் இருந்தது. துவைத்ததும் மண் போயிற்று, மறுநாள் மறுபடி வந்தது.

போர்வையைத் தைத்தவள் சஜிதாவின் புருஷன் டெல்வினின் அக்கா ஸ்மைலின். மார்த்தாண்டத்தில் குழந்தைகளுக்கு மட்டும் தைக்கிற கடை வைத்திருந்தாள். பிள்ளை பிறக்கும் முன் பிள்ளைக்கென்று ஒரு நூல்கூடக் கோர்ப்பதில்லை என்பது அவர்கள் வீட்டு வழக்கம். ஆகவே ஆண் குழந்தை என்று ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்த பிறகுதான் கத்தரியை எடுத்தாள். உள்ளங்கை அகலச் சதுரங்கள், முப்பத்தாறு. ஒன்று படம் போட்டது, அடுத்தது பிளெயின். கார், குடை, கிளி, மீன் என்று கடையில் வெட்டி மிஞ்சிய பிட்டுகள். இடையிடையே நீலம், பச்சை, மஞ்சள். எல்லாமே படமாக இருந்தால் பிள்ளைக்குக் கண் கூசும், பார்வை போய் உட்கார ஒரு வெற்றிடம் வேண்டும் என்பாள். உள்ளே பழைய வேட்டி இரண்டு மடிப்பு. படத்துணியில் வேண்டிய பதினெட்டில் பதினேழுதான் தேறியது. பிட்டுச் சாக்கின் அடிவரை கையை விட்டாள். வாத்துப் படம் போட்ட துண்டு ஒன்று வந்தது. அளவும் சரியாக இருந்தது, தைத்துவிட்டாள்.

முதல் வாரமே படங்கள் நகர்ந்தன. அதில் யாரும் கலவரப்படவில்லை. கார்கள் பக்கத்துப் பச்சையில் போய் நின்றன, மீன்கள் நீலத்துக்கு மாறின, மழை பெய்தால் குடைகள் விரிந்தன. பால் கொண்டுவருகிற பெண் எட்டிப் பார்த்து, "பிளெயின் துணிய வெறுதே விட்டா அதுவ ஏறி இருக்காதா பின்ன" என்று சொல்லிவிட்டுப் போனாள். ஆனால் எதுவும் போர்வையின் ஓரத்தைத் தாண்டவில்லை. தாண்டியவை வாத்துகள் மட்டும்தான். அவை வெளியே இருக்கும் நேரம் முழுவதும் குழந்தை பால் குடிக்கவில்லை. அழவும் இல்லை. வாசலைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். சுகாதார நிலையத்தில் எடை போட்டபோது இருநூறு கிராம் குறைந்திருந்தது, அடுத்த வாரம் இன்னும் நூறு. இதற்குமேல் குறைந்தால் ஆஸ்பத்திரியில் சேர்த்து மூக்கில் குழாய் போட வேண்டியிருக்கும் என்றாள் நர்ஸ்.

அன்று வீட்டுக்கு வந்து சஜிதா போர்வையை மடியில் விரித்து வெகுநேரம் பார்த்தாள்.

"மைனி, இந்த வாத்துத் துணி ஏது?" என்று பிள்ளையைப் பார்க்க வந்திருந்த ஸ்மைலினிடம் கேட்டாள்.

"பிட்டுச் சாக்கில கெடந்தது, மக்கா."

"இது எனக்க மூத்தவளுக்க துணி."

இரண்டு வருஷத்துக்கு முன்னால் சஜிதாவுக்கு ஏழாம் மாதத்தில் ஒரு பெண் பிறந்து இரண்டு நாள் இருந்தது. அடக்கத்துக்கு உடுப்புத் தைத்தவளும் ஸ்மைலின்தான், ஒரு மணி நேரத்தில். அடக்கத் துணியில் மிஞ்சுவதை, நூல் உட்பட, பெட்டிக்குள்ளேயே வைத்துவிட வேண்டும் என்பது அந்தப் பக்கத்துத் தையல்காரர்கள் மாற்றாத ஒன்று. அன்று அவளுக்கு அழுகையில் கண் தெரியவில்லை, மேசையைப் பெருக்காமல் போய்விட்டாள். ஞானஸ்நானம் கொடுக்காத பிள்ளை என்பதால் பெயர் இல்லை. கல்லறைத் தோட்டத்துச் சுவர் ஓரத்தில் ஒரு செங்கல் மட்டும் நட்டிருந்தார்கள்.

"நா என்ன காரியம் செய்துபோட்டேன்! பிரிச்சிடுதேன் ஏட்டி, இப்பமே பிரிச்சிடுதேன்" என்று ஸ்மைலின் வாத்துச் சதுரத்தை அறுத்தெடுத்து, அந்த இடத்தில் சிவப்பு பிளெயின் வைத்துத் தைத்தாள். மறுநாள் காலை சிவப்பில் ஆறு வாத்துகளும் நின்றன. ஊதா வைத்தாள், ஊதாவில் நின்றன. கறுப்பு வைக்க அவளுக்கு மனம் வரவில்லை. பத்தரைக்கு அவை புறப்பட்டபோது சஜிதா குழந்தையைத் தூக்கிக்கொண்டு பின்னால் கிளம்பினாள். அவை போகிற இடம் ஸ்மைலினுக்கும் விளங்கியிருந்தது, வாசலை மறித்தாள்.

"ஞானஸ்நானம் எடுக்காத பிள்ளைய கல்லறைக்கா கொண்டு போற? ஒனக்குக் கிறுக்கா? ஊரு என்ன சொல்லும்?"

"மூத்தவளயும் அப்பிடித்தானே மைனி கொண்டு போனோம்."

ஸ்மைலின் வழியை விட்டாள். பிறகு குடையை எடுத்துக்கொண்டு அவளும் பின்னால் நடந்தாள்.

வாத்துகள் செங்கல்லைச் சுற்றி நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தன. குழி வெட்டுகிற முத்துநாயகம் மண்வெட்டியில் சாய்ந்து நின்றார். "டெய்லி வருது. பளிங்குக் கல்லறைய ஒண்ணு திரும்பிப் பாக்கல்ல. குளிருற பிள்ளைய அணச்சிக் கெடக்குற மாதிரி இஞ்சயே இருக்கும். தாயி வருவான்னு பாத்தேன், இப்பந்தான் வாற" என்றார். இரண்டாவது உண்டானதிலிருந்து அங்கே போகக்கூடாது என்று எல்லாரும் சஜிதாவைத் தடுத்திருந்தார்கள். அவளும் போகாமல் இருந்துவிட்டாள். ஈர மண்ணில் உட்கார்ந்தாள். குழந்தை வலது பக்கம் வாய் வைத்துக் குடிக்கத் தொடங்கினான். இடது பக்கத்துப் பால் தானாக இறங்கி மண்ணில் விழுந்தது. மண் அதை உறிஞ்சிய வேகத்தைப் பார்த்ததும் முத்துநாயகம் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டார்.

நாற்பது நாள் அவள் தினமும் போனாள். சபையில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை பேசினார்கள், மூன்றாவது ஞாயிறு பேச வேறு விஷயம் கிடைத்தது. குழந்தை நாலு கிலோவைத் தாண்டினான். நாற்பத்தொன்றாம் நாள் காலை வாத்துகள் சஜிதாவுக்குக் காத்திராமல் போய், கால் மணி நேரத்தில் வரிசையாகத் திரும்பி வந்தன. அதன் பிறகு அவை ஒருநாளும் இறங்கவில்லை. நவம்பரில் ஞானஸ்நானம் கொடுத்து ஜெரிஷ் என்று பெயரிட்டார்கள்.

மூன்று வயதில் ஜெரிஷின் கால் போர்வைக்கு வெளியே நீண்டது. ஸ்மைலின் சுற்றிலும் ஒரு வரிசை கூட்ட அளவெடுத்தபோது, "ஒரு ஆளுக்குப் போதாது, ரெண்டு பேருக்கு உள்ளதா எடுங்க மைனி" என்றாள் சஜிதா. ஸ்மைலின் நாடாவை இன்னொரு மடங்கு நீட்டினாள். இந்த வருஷம் சவுதியில் தமாமிலிருந்து விடுப்பில் வந்த டெல்வின் மத்தியானச் சாப்பாடு முடித்துப் படுக்க வந்தான். கட்டிலில் ஜெரிஷ் ஓரமாகச் சுருண்டு கிடந்தான். பக்கத்தில், ஜெரிஷைவிட ஒரு சாண் நீளத்துக்குப் போர்வை மேடாகி, மூச்சுக்கு ஏற்ப ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. டெல்வின் கொஞ்ச நேரம் நின்று பார்த்தான். பிறகு, "இவளுக்கு வேர்க்குது, அந்த ஃபேன கொஞ்சம் கூட்டி வையி" என்று சஜிதாவிடம் சொல்லிவிட்டு, தரையில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டான்.