ஆய்வகத்தை அழுக்காக்காதீர்கள்

கல்லூரியின் அறிவியல் ஆய்வகத்தைப் புதுப்பிக்கப் பதினான்கு மாதம் பிடித்தது. ஆள் நுழைந்தால் எரிந்து, வெளியேறினால் அணையும் விளக்குகள். பாதி மின்சாரத்தில் ஓடும் குளிர்பெட்டிகள். வெயிலை வடிகட்டும் கண்ணாடிகள். திறப்பு விழா முடிந்த கையோடு முதல்வர் கதவைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

தாவரவியல் விரிவுரையாளருக்குத் தலை சுற்றியது. விதைகளை அரிக்கும் ஒரு பூஞ்சை எதனால் திடீரென்று பச்சையாகிப் பெருகுகிறது என்று நான்கு வருடமாக ஆராய்ந்துவந்தவள் அவள். கட்டட வேலை முடியும்வரை என்று அந்தப் பூஞ்சையை டப்பாக்களில் போட்டு வீட்டுக் குளிர்பெட்டியில் குடிவைத்திருந்தாள்.

“சார், உள்ள போய் வேலைய ஆரம்பிக்கணும்.”

“கல்லூரிக்குத் தரம் போடற மதிப்பீட்டுக் குழு வந்து பாத்துட்டுப் போகட்டும்மா. தரை கண்ணாடி மாதிரி இருக்கு. அதுல உங்க பூஞ்சையக் கொண்டுவந்து வெச்சா என்னத்துக்காகும்?”

“ஆராய்ச்சிக்குன்னுதானே கட்டினது?”

“ஆராய்ச்சி எங்க ஓடிப்போகுது?”

பூஞ்சை இப்போதைக்கு வீட்டைவிட்டுப் போகாது என்று தெரிந்ததும் மாமியார் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். மூன்றாம் நாள் அவரே கேட்டார்: “கதவோரம் இருக்கற டப்பா பச்சையாயிடுச்சு, உள்ள இருக்கறது வெள்ளையாவே இருக்கே, ஏன்?”

அவள் அப்படியே நின்றுவிட்டாள். கதவைத் திறந்து மூடும்போதெல்லாம் ஏறி இறங்கும் வெப்பம்! நான்கு வருடமாகச் சிக்காத விடை பால் பாத்திரத்துக்குப் பக்கத்தில் கிடந்தது. அன்று முதல் வெப்பநிலையை மணிக்கொரு தரம் குறித்துவைப்பது மாமியாரின் வேலையானது. எட்டு மாதத்தில் கட்டுரை வெளிவந்தது.

இதற்கிடையில் கல்லூரிக்கு மின்சிக்கன விருது கிடைத்தது. ஆய்வகத்தின் மின்செலவு எண்பது சதவீதம் குறைந்துவிட்டதாம். யாருமே காலடி வைக்காத அறையில் குறையாமல் என்ன செய்யும்? முதல்வர் விருதை ஏந்தியபடி ஐந்து கோணத்தில் படம் எடுத்துக்கொண்டார்.

ஒருவழியாகக் குழு வந்தது. முதல்வர் கட்டுரையை நீட்டி, “எங்க புது ஆய்வகத்தோட முதல் சாதனை” என்றார்.

குழுத் தலைவி கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். “‘சமையலறையையும் குளிர்பெட்டியையும் விட்டுக்கொடுத்த மாமியாருக்கு நன்றி’ன்னு போட்டிருக்கே. யாரோட மாமியார் சார், உங்களோடதா?”

கட்டுரையை எழுதியவள் சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மாலைக்குள் சாவி அவள் கைக்கு வந்தது. அடுத்த மாதம் முதல்வரிடமிருந்து ஒரு கடிதமும் வந்தது: ஆய்வகத்தில் மின்செலவு திடீரென்று ஏறியதற்கு மூன்று நாளுக்குள் விளக்கம் தேவை.

அவள் ஒரே வரியில் பதில் எழுதினாள்: “உள்ளே ஆராய்ச்சி நடக்கிறது.”