பிரசவத்துக்கு வந்த எக்காளம்

சுப்பராயலுவுக்குப் பேரன் பிறக்கப்போகிறான் என்று தோணிரேவுக் குப்பம் முழுக்கத் தெரிந்துவிட்டது. பிறக்க வேண்டியது மட்டும்தான் பாக்கி. மருமகள் செல்வம்மாளுக்கு இடுப்புவலி கண்டதுமே மனுஷன் வாசலில் நாலு பேரைக் கூட்டி, எந்த மேளம் வைப்பது என்று ஆலோசனை நடத்த ஆரம்பித்துவிட்டான். பறை எல்லார் வீட்டிலும் அடிப்பதுதானாம். கோயில் நாயனமும் அலுத்துப்போச்சாம். ஒல்லாந்து வெள்ளைக்காரன் கோட்டைக்கு மீன் கொடுக்கிற வீட்டில் கோட்டைச் சிப்பாய்களின் தம்பூர்க் கொட்டும் எக்காளமும் முழங்கினால்தான் மரியாதையாம்.

ஓலைத் தடுப்புக்குப் பின்னால் கிடந்த செல்வம்மாளுக்கு இது அத்தனையும் கேட்டது. பாயின் ஓரத்தை நகத்தால் பிய்த்தாள். வலியினால் மட்டும் என்று சொல்ல முடியாது.

அந்தக் குப்பத்தில் ஒரு பழக்கம் இருந்தது. பிள்ளையின் காதில் முதன்முதலாகத் தாயின் அலறல் விழக்கூடாது. அதனால் வலி நெருங்கியதும் வாசலில் கொட்டு ஆரம்பித்துவிடும். ஆண் என்றால் பொழுது சாயும்வரை அடிப்பார்கள். பெண் என்றால் அந்த நிமிஷமே நிறுத்திவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டிவிடுவார்கள்.

முதல் பிரசவத்திலும் அப்படித்தான் கொட்டினார்கள். பிள்ளை அழவில்லை. அழவில்லை என்பதே அந்த இரைச்சலில் யாருக்கும் தெரியவில்லை. செல்வம்மாளுக்கு உதிரம் நிற்காமல் போக, மருத்துவச்சி காசியம்மாள் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சளி அடைத்து மூச்சுக்குத் திணறிய பிள்ளையின் சத்தம் அவள் காதுக்கு எட்டவேயில்லை. திரும்பிப் பார்த்தபோது உடம்பு நீலம் பாரித்திருந்தது. பெண் என்று சொன்னதும் கொட்டு நின்றது. செத்துப்போச்சு என்றதும், "போவட்டும் உடு, பொட்டைதானே" என்றான் சுப்பராயலு. சொல்லிவிட்டுக் கள்ளுக் கலயத்தை எடுத்து வாயில் கவிழ்த்துக்கொண்டான். அன்றிலிருந்து அவனுக்குச் சோறு போடும்போதெல்லாம் செல்வம்மாளுக்குக் கை கூசும்.

இந்தத் தடவை புருஷன் ரங்கனிடம் முன்கூட்டியே கெஞ்சியிருந்தாள். "கொட்டு வாணாம்யா. புள்ள அழுவுறது எனக்குக் கேக்கணும். வேற ஒண்ணும் கேக்கல." ரங்கன் பூம்பூம் மாடு மாதிரித் தலையை ஆட்டினான். இன்று காலையில் தடுப்புக்கு வெளியே நின்று, "நைனா கோட்டையில சொல்லி வெச்சிட்டாரு. இப்ப வாணாம்னா மானம் போயிடும்" என்றான். அந்த முகத்தில் துப்பவேண்டும் போல இருந்தது அவளுக்கு. துப்ப வாயில் ஈரமில்லை.

வெயில் ஏறும் நேரத்துக்குக் கோட்டையிலிருந்து இரண்டு பேர் வந்து சேர்ந்தார்கள். வறுத்த மீனும் சாராயமும் வாசலில் பரிமாறப்பட்டன. ஏப்பச் சத்தம், வெற்றிலைத் துப்பல், சுப்பராயலுவின் இளிப்பு. பிறகு தம்பூர் இடிக்க, எக்காளம் பிளிற ஆரம்பித்தது. கூரையிலிருந்து செத்தையும் பூச்சியும் அவள் வயிற்றின்மேல் உதிர்ந்தன. காசியம்மாள் ஏதோ கத்தினாள். உதடு அசைந்ததே தவிர சொல் வரவில்லை. முதல் பிள்ளையை இப்படித்தான் கொன்றார்கள், இதையும் கொல்லப்போகிறார்கள் என்று செல்வம்மாளுக்குப் பட்டது.

காசியம்மாளின் கழுத்தைப் பிடித்து இழுத்து, காதோடு வாய் வைத்துச் சொன்னாள்: "பொண்ணு பொறந்துடுச்சின்னு போய்ச் சொல்லு."

"இன்னாடி சொல்ற? இன்னும் தலையே வரலியே!"

"போய்ச் சொல்லுக்கா. ஓடு!"

காசியம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். பிறகு தடுப்பைத் தாண்டி வாசலுக்குப் போனாள்.

கொட்டு நின்றது. எக்காளம் பாதி மூச்சிலேயே செத்தது. சுப்பராயலு காறித் துப்புவது கேட்டது. "மொதல்லயும் பொட்டை, இப்பவும் பொட்டை. தூ! எடுத்துக்கினு கெளம்புங்கப்பா." ரங்கனாவது எட்டிப் பார்ப்பான் என்று அவளுக்குள் ஏதோ ஒரு ஓரத்தில் நப்பாசை இருந்தது. "வல ஈரமாக் கெடக்குது, நான் காயப்போடப் போறேன்" என்றான் அவன். காலடிகள் மணலில் தேய்ந்து மறைந்தன. இவ்வளவு சீக்கிரமாகப் போவார்கள் என்று அவளே நினைக்கவில்லை. அருவருப்பில் உடம்பெல்லாம் கூசியது. அந்த ஆத்திரத்தோடேயே பல்லைக் கடித்து முக்கினாள்.

பிள்ளை வந்து விழுந்தது. அழவில்லை. நண்டு நுரை விடுவதுபோல ஒரு சின்னச் சத்தம், அவ்வளவுதான். ஆனால் அந்த அமைதியில் அது இரண்டு பேருக்கும் கேட்டது. காசியம்மாள் பாய்ந்து பிள்ளையின் வாயில் விரல் விட்டுச் சளியை வழித்தாள். வாய் வைத்து உறிஞ்சித் துப்பினாள். தலைகீழாகப் பிடித்து முதுகில் தட்டினாள். பிள்ளை வீறிட்டது. செல்வம்மாள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். எந்த நாயனமும் எக்காளமும் அதன் கால்தூசிக்கு வருமா!

"ஆம்பளப் புள்ளடி!" என்று காசியம்மாள் பூரித்துப்போனாள். "இரு, ஓடிப்போயி சொல்லிட்டு வரேன்."

செல்வம்மாள் அவள் முந்தானையை இறுகப் பிடித்துக்கொண்டாள். "சொல்லாதேக்கா. அந்த மூஞ்சிங்க உள்ள வந்தா எனக்குக் கொமட்டும். நாளைக்குச் சொல்லிக்கலாம். இன்னிக்கு ஒருநாள் இவன் பொண்ணாவே இருக்கட்டும்."

பொழுது சாயும்வரை பிள்ளை விட்டு விட்டு அழுதான். தொண்டை அப்படி; வலை காயும் ஏரிக்கரை வரைக்கும் கேட்டிருக்கும். ஒருத்தரும் வந்து எட்டிப் பார்க்கவில்லை.